மலையில் கறந்த பால்

மதுரையில் கறவை மாடுகள் தெப்பக்குளத் தெருச் சந்துகளில் நின்று வைக்கோலும் பருத்திக்கொட்டையும் தின்னும். பால் வற்றிவிட்டால் அதே மாட்டுக்குத் தீனி போட வீட்டாருக்கு மனசு வராது. அப்போதுதான் தவசிக்கு ஆள் விடுவார்கள். அவன் வந்து வற்றிய மாடுகளைச் சேர்த்து, வைகை மணலைத் தாண்டி, அலங்காநல்லூருக்கு வடக்கே மலைச்சரிவுக்கு ஓட்டிப் போவான். மழைக்காலத்தில் மலைப்புல், கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்களுக்குள் முளைத்த புல். மந்தையில் ஒரு பொலிகாளையும் உண்டு. மாடு சினையாகி மடி இறங்கத் தொடங்கியதும் உரிய வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். கன்று அங்கேதான் பிறக்கும், பாலும் அங்கேதான். தவசிக்குக் கூலியாகக் கம்பும் கேழ்வரகும் வரும். இருபது வருஷமாக மாடு மேய்த்தவன் தன் கையால் பால் கறந்ததே இல்லை.

அவன் மனைவி செல்லக்கிளி அவனோடு மூன்று வருஷம் வாழ்ந்தாள். அடிவாரத்துக் குடிசையில் அவள் இருப்பாள். அவன் மலையில் இருப்பான்.

"மாட்டுக்காச்சும் வீடு திரும்புற மாசம்னு ஒண்ணு இருக்கு. ஒனக்கு அதுவும் இல்லையே," என்றாள் ஒரு நாள். அவளுடைய அண்ணன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டபோது, "நீயும் வாயேன்," என்று கூப்பிட்டாள்.

"மாட்டை யாருகிட்ட விட்டுட்டு வாரது?" என்றான் தவசி. அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனோடு போய்விட்டாள். பிறகு அவன் குடிசைக்குப் போவதையும் விட்டுவிட்டான். மலைமேல் பட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம். விடாத அடைமழை. சீதாலட்சுமியம்மாளின் செவலைப் பசு பட்டியில் படுப்பதும் எழுவதுமாகத் தவித்தது. அந்த அம்மாள் பட்டுநூல்காரர் தெருவில் பால் விற்கும் விதவை. மகன் ஜனகராஜ் தறி நெய்பவன். காளை சேர்ந்த நாளிலிருந்து தவசி கயிற்றில் மாதத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு எண்ணி வருவான். செவலைக்கு எட்டு முடிச்சுத்தான் ஆகியிருந்தது. அவன் ஒரு மாதம் தப்பாக எண்ணி, மடியையும் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. மத்தியானத்துக்குள் செவலை கன்று போட்டது. கிடாரிக் கன்று. முன்னங்கால் இரண்டும் மடங்கிக் கிடந்தன; நிற்க முடியவில்லை.

மூங்கில் பத்தையை வைத்துக் காலைக் கட்டினான். கன்றைத் தூக்கிப் பிடித்துச் சீம்பால் குடிக்க வைத்தான். மிச்சத்தைக் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். பழக்கமில்லாத விரலால் பீய்ச்சினான். மூன்று நாள் கழித்து வெள்ளையாகப் பால் வந்தது. கஞ்சிப் பானை நிறைந்தது.

அதைக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றினான். ஊற்றிய பிறகு பார்த்தால் இரண்டு கொட்டாங்கச்சி. இரண்டாவதை எதற்கு எடுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒன்றைக் குடித்தான். இன்னொன்றை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆடை படிந்து ஆறிப்போனதும் அதையும் அவனே குடித்தான்.

மறுநாளும் பானை நிறைந்தது. ஒரு மனுஷன் எம்புட்டுத்தான் குடிப்பான்? கீழே இறங்கி ஏற அரை நாள் ஆகும். நரி திரியும் காட்டில் நொண்டிக் கன்றை விட்டுப் போக முடியாது. மழையில் காட்டுக்காவலர் ஒருவர்கூட மேலே வரவில்லை. மிஞ்சியதைப் பாம்புப் புற்றில் ஊற்றினான். பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை; ஆனாலும் அந்த நாட்களில் அவன் வாய் ஓயவில்லை. கறக்கும்போது செவலையிடம் செல்லக்கிளியைப் பற்றிச் சொன்னான். தான் அன்றைக்குச் சொன்ன பதிலையும் சொன்னான்.

பன்னிரண்டாம் நாள் கன்று நின்றது. மற்ற மாடுகளை அடிவாரத்து ஆட்டுக்காரன் கருத்தக்கண்ணனிடம் விட்டுவிட்டு, கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். செவலை கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

கன்றைப் பார்த்ததும் ஜனகராஜ் தறியை விட்டு எழுந்து வந்தான். "பன்னண்டு நாள் பாலை என்ன செஞ்ச?"

"கன்னு குடிச்சது போக நான் குடிச்சேன் ஐயா. மிச்சத்தைப் புத்துல ஊத்துனேன்."

"புத்துலயா? யாருக்காவது வித்திருக்கலாமே!"

"அங்க யாரு இருக்கா ஐயா, வாங்கிக் குடிக்க?"

ஜனகராஜ் நம்பவில்லை, திட்டினான். சீதாலட்சுமி கன்றின் காலைத் தடவிப் பார்த்தாள். மூங்கில் கட்டிய தழும்பு இருந்தது. "போதும்டா, விடு," என்று மகனை அடக்கினாள். "இனிமே கணக்கைச் சரியா வச்சுக்கோ, தவசி."

அடுத்த வருஷம் செவலை வற்றியபோது ஜனகராஜ் விற்கச் சொன்னான். அவள்தான் பிடிவாதமாக மலைக்கு அனுப்பினாள். இந்தத் தடவை தவசியின் கணக்கு தப்பவில்லை. அதற்கடுத்த ஆவணியில் மடி இறங்கியது. ஓட்டிப்போக வேண்டிய நாள் தெரிந்தும் அவன் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பானையை மணல் போட்டு இரண்டு தடவை தேய்த்து வைத்தான். பாலுக்கா இந்த ஆசை என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இல்லை. விடிந்ததும் பேசிக்கொண்டே கறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் காலையில் பட்டியைச் சுற்றி ஈரமண்ணில் சிறுத்தையின் கால்தடம் கிடந்தது. கன்று பிறந்தால் அந்த வாடைக்கு அது திரும்ப வரும். தவசி கருத்தக்கண்ணனை மேலே காவலுக்கு வைத்துவிட்டு, உடனே செவலையை அவிழ்த்து ஓட்டினான்.

மறுநாள் காலையில் சீதாலட்சுமி மடியைத் தொட்டுப் பார்த்துப் பதறினாள். "நாளைக்கே போட்டுடும் போலிருக்கே! இம்புட்டு நெருக்கத்துலயா நடத்திக் கூட்டிட்டு வருவ? வழியில போட்டிருந்தா?"

"தப்புத்தாம்மா," என்றான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "கன்னு போடுற வரைக்கும் இங்கனயே கொட்டத்துல இருந்துட்டுப் போறியா?"

இருக்கலாம் என்றுதான் அவனுக்கு ஆசை. உள்ளே ஜனகராஜின் தறிச்சத்தம் நின்றுவிட்டது. செவலை அதற்குள் தொட்டிக்குள் முகத்தை விட்டுப் பருத்திக்கொட்டை தின்னத் தொடங்கியிருந்தது.

"மேல பதினெட்டு மாடு நிக்கிதும்மா. போறேன்," என்றான் தவசி. உச்சி வெயிலில் வைகை மணல் காலைச் சுட்டது. இடையில் ஓடிய ஒற்றை வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு, வடக்கே நடந்தான்.