மாடம்மாளின் விஷக்கல்

கல்லாற்றங்கரையில் உள்ள மாடம்மாளின் டீக்கடைக்கு டீ குடிக்க மட்டுமல்ல, பாம்பு கடித்தாலும் ஆட்கள் ஓடி வருவார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கணவர் பிச்சைக்கனியோடு எல்லை தாண்டி இந்த மலையாளப் பக்கம் பிழைக்க வந்தவள் அவள். ஊர்க் கோயில் கொடை விழாவில் ஒரு நாடோடியிடம் வாங்கிய கறுப்புக் கல் ஒன்று அவளிடம் இருந்தது. நாகம் கக்கியது என்று சொல்லித்தான் அவன் கொடுத்தான். கடிவாயில் வைத்தால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். விஷத்தைக் குடித்ததும் தானாக உதிரும். அப்படி ஒட்டி உதிர்ந்ததைப் பலரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். கடிபட்டவர்கள் எழுந்து நடந்தே போனார்கள். அவள் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. "சேச்சி இருக்கும்போ நமக்கென்ன பயம்" என்று ஆட்கள் சொல்வதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கடைக்குப் பின்னால் விறகெடுக்கப் போன பிச்சைக்கனி அலறினார். விறகுக்குள் கிடந்த பாம்பு புறங்கையில் கடித்துவிட்டது. மாடம்மாள் கல்லோடு ஓடினாள். கல் ஒட்டியது, சற்று நேரத்தில் உதிர்ந்தது.

"விழுந்துட்டுல்லா, இனி பயமில்ல" என்று கணவரின் முதுகைத் தடவினாள்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் பினு குனிந்து பார்த்தான். "சேச்சி, கை வீங்குது பாத்தீங்களா? வண்டியில ஏத்துங்க, மெடிக்கல் காலேஜுக்குப் போகாம்."

"சும்மா கெட பினு. ஊருக்கெல்லாம் கேட்ட கல்லு எங்க வீட்டு ஆளுக்குக் கேக்காதா?"

பிச்சைக்கனி எச்சில் துப்பினார். ரத்தமாக இருந்தது. ஈறெல்லாம் கசிந்தது. அவள் பதறிக் கல்லை மறுபடி வைத்தாள். அது ரத்தத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது.

"பினு, வண்டிய எடு!"

ஜீப் நெடுமங்காடு தாண்டும்வரை கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதுவரை அவரை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் ஷீனா கல்லை வாங்கிப் பார்த்தார்.

"இது சுட்ட எலும்பாக்கும், அம்மா. ஈரம் பட்டா ஒட்டும், ஊறினா விழும். விஷத்த ஒண்ணும் எடுக்காது."

"பெறவு எம்புட்டு பேரு பொழைச்சாங்களே?"

"அவங்கள கடிச்ச பாம்புக்கு விஷம் இருந்திருக்காது. இவர கடிச்சது அணலி, உங்க ஊர்ல கண்ணாடி விரியன்னு சொல்வாங்க."

மாடம்மாள் கல்லைத் திருப்பி வாங்கினாள். வந்தவர்களில் ஒருவரை அணலி கடித்திருந்தால்? அந்தப் பாவம் தன் தலையில் விழாமல் போனதை நினைத்து, கல்லை அங்கிருந்த குப்பைத்தொட்டியில் போட்டாள். கடைக்குத் திரும்பிய பின் கேட்டவர்கள், கேளாதவர்கள் எல்லாரிடமும் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

ஆனால் அது பிறகு. மறுநாள் காலை பிச்சைக்கனிக்கு ரத்தக் கசிவு நின்றிருந்தது. கஞ்சியை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"இதை மனுசன் குடிப்பானா? கடுப்பமா ஒரு சாயா கொண்டா, போ."

வார்டே திரும்பிப் பார்க்க, மாடம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து கேன்டீனுக்கு நடந்தாள்.