துணியில் சுற்றிய ஸ்லைடு

ஸ்லைடு கழுவுவதில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப் போடுவான். பிறகு சோப்புத் தண்ணீர். ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துப் பஞ்சால் இரண்டு பக்கமும் தேய்த்து, குழாயில் காட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். மூச்சுப் பட்ட அளவுக்கு மங்கல் தெரிந்தாலும் அது மறுபடி வாளிக்குள் போகும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்பக்கத்துத் தொட்டியில் காலையிலிருந்து நின்றபடியே செய்கிற வேலை. ஊரார் ரத்தமெல்லாம் அவன் கைவழியாகத்தான் சாக்கடைக்குப் போனது. கண்ணாடி மின்னுவதைப் பார்த்து எல்லாரும் அவனைப் பளிங்கு என்றே கூப்பிட்டார்கள்.

“பளிங்கு, உன் பொண்டாட்டி குடுத்துவச்சவ. வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆளே வேண்டாம்,” என்பாள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் அக்கா.

“வீட்டுக்குப் போனா சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டேன்க்கா.”

“அதானே பார்த்தேன். சம்பளம் குடுத்தாத்தான் சாருக்குக் கை அசையும்.”

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். கண்ணின் வெள்ளை எந்நேரமும் மஞ்சளடித்துக் கிடக்கும். கைகால் குடைகிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில், ஒரே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அது என்ன நோய் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான், வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணு அரிவாளாக வளைந்துபோகிற நோய் ஒன்று உண்டென்றும், அது குடும்பத்தில் இறங்கி வருமென்றும் அக்கா சொல்லித் தெரிந்தது. 

அதனால் மகள் பிறந்தபோது, மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் குழந்தையின் இமையைப் பிரித்துப் பார்த்தான். வார்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுப்பதுபோல் இவளுக்கும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் காகிதத்தில் ஒற்றி, வேறெங்கோ உள்ள பெரிய பரிசோதனை மையத்துக்கு அனுப்பினார்கள். பதில் வர நாளாகும் என்றார்கள். அதுவரை அவனால் பொறுக்க முடியவில்லை. அக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். அவளும் இரக்கப்பட்டு வார்டுக்கு வந்து, ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“வா, நீயே பாரு.”

குனிந்து பார்த்தான். நடுவில் வெளுத்த சின்னச் சின்ன வட்டங்கள். எங்கும் வட்டங்கள்.

“இப்போதைக்கு எல்லாம் உருண்டையாத்தான் இருக்கு. எதுக்கும் அங்கேருந்து பதில் வரட்டும்,” என்றாள் அக்கா. முதல் பாதியைக் கேட்டதுமே அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் கழுவாமல் விட்டது அந்த ஒரு ஸ்லைடைத்தான். காயத்துக்குக் கட்டும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தான். மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஊருல பிள்ளையைப் போட்டோ எடுத்து வைப்பாங்க. நீங்க ரத்தத்தை எடுத்து வச்சிருக்கீங்க.”

குழந்தை கொஞ்சம் கூடுதலாக அழுதாலும் அவளுக்குச் செத்துப்போன கொழுந்தனின் கதை ஞாபகம் வந்துவிடும். அப்போதெல்லாம் அவன் அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காட்டுவான். “கண்ணால பார்த்தவன் சொல்றேன். போய்த் தூங்கு.” அவளும் தூங்குவாள்.

இரண்டாம் மாதத்தில் மையத்திலிருந்து போன் வந்தது. தொட்டியில் கை ஈரம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டான்.

“பாப்பாவுக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும் சார். நீங்க ரெண்டு பேரும் கூட்டிட்டு வாங்க.”

“பார்த்தாச்சும்மா. எங்க லேப்லயே பார்த்தாச்சு.”

“அது வேற சார், இது வேற. நேர்ல வந்தீங்கன்னா—”

“நான் அங்கேயேதாம்மா வேலை பார்க்கிறேன். எல்லாம் நல்லா இருக்கு.”

பிறகும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. பால் கொடுக்கிறவளை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கலவரப்பட்டது அவன்தான்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் சட்டை மாட்டும்போது குழந்தை வீறிட்டாள். புறங்கை இரண்டும் பொம்மென்று வீங்கி, விரல்கள் பஞ்சு திணித்ததுபோல் விறைத்து நின்றன. தான் தைத்த சட்டைதான் இறுக்கிவிட்டது என்று மனைவி பதறி, கைத்தையலை முழுக்கப் பிரித்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் பாதமும் வீங்கியது. உடம்பு கொதித்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இந்த முறை அக்கா அவனைக் கூப்பிடவில்லை. அவனாகப் போய் நின்றான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவன் குனிந்தான். வட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, வெட்டிப் போட்ட நகத்துண்டுகள் மாதிரி, வளைந்து கூர்த்தவை. ஒன்றல்ல, இரண்டல்ல.

“அன்னிக்கு உருண்டையா இருந்துச்சேக்கா.”

“அன்னிக்கு உருண்டைதான். வயித்துக்குள்ள இருக்கும்போது ஊறின ரத்தம்டா அது. அது வளையாது. பொறந்து கொஞ்ச மாசம் அதுதான் காவல். அது குறையக் குறையத்தான் இது வெளியில தெரியும். அதனாலதான் அங்க வேற மாதிரி பார்க்கிறாங்க.” அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “உனக்கு நான் காட்டியிருக்கவே கூடாது.”

“சில அணுக்குள்ள கரும்புள்ளி மாதிரி இருக்கே, அது?”

அக்கா இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்தக் கசடை மண்ணீரல் கழுவி அனுப்பும். உன்னை மாதிரி உள்ளே ஒருத்தன்னு வச்சுக்கோ. அவன் கை ஓய ஆரம்பிச்சிருக்கு. அது ஓய்ஞ்சா, சாதாரணக் கிருமிகூடப் பிள்ளையைச் சாய்ச்சிடும்.”

தம்பியின் அந்த ஒரே ஒரு காய்ச்சல் அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

வார்டில் டாக்டரம்மா நிதானமாகவே பேசினார். அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி இருந்து குழந்தைக்கு முழுசாக வந்திருக்கிறது; யார் மேலும் குற்றமில்லை. கிருமி அண்டாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை மருந்து. காய்ச்சல் என்றால் அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும். இதெல்லாம் வாழ்க்கையோடு வரும்.

“இந்த மருந்தை ரெண்டாம் மாசமே ஆரம்பிச்சிருக்கணும். மையத்துலேருந்து கூப்பிட்டிருப்பாங்களே?”

“யாரும் கூப்பிடலையே டாக்டர்,” என்றாள் மனைவி.

டாக்டர் அவனைப் பார்த்தார். மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

“கூப்பிட்டாங்க,” என்றான் அவன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். குழந்தையின் வீங்கிய கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சோறு போட்டாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததைப் பேசவில்லை. ஒருநாள் காலை அவனுடைய சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் அந்தத் துணிப் பொட்டலம் இருந்தது.

அதை எடுத்துப் போனான். மற்றவற்றோடு ஊறப் போட்டான். சோப்புத் தண்ணீரில் தேய்த்து, குழாயில் காட்டி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினான். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் வாளிக்குள் போட்டான்.

அன்று மாலை வீடு திரும்பியபோது அவள் மருந்துப் புட்டியோடு கட்டிலில் இருந்தாள். கையின் வீக்கம் வடிந்திருந்தது. அவனைக் கண்டதும் குழந்தை காலை உதைத்துச் சிரித்தாள். ஒன்றும் தெரியாத சிரிப்பு. மனைவி மருந்தைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, கோடு சரியாக இருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். ஒரு துளி கூடுதலாக இருந்ததைத் திரும்பப் புட்டியிலேயே விட்டாள்.

அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான்.

“இன்னிக்கு நான் குடுக்கட்டுமா?”

அவள் குழந்தையின் கன்னத்தோரமாக மருந்தை மெல்ல விட்டாள். விழுங்கும்வரை தொண்டையையே பார்த்திருந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். புட்டியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்து எழுந்து, அவனைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனாள்.