தண்ணீர் டேங்க் வரை போன ஓட்டு வரிசை

அந்த வருடம் ஊரில் ஓட்டுப்பதிவு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஓமனில், சோஹார் கேம்பில் எங்களுக்கும் வெள்ளிதான் விடுமுறை. வேறு கிழமையில் வந்திருந்தால் நாங்கள் பாட்டுக்கு டியூட்டிக்குப் போயிருப்போம், நானும் என் பதவியில் நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் பதவி என்றால் மெஸ் பொறுப்பு. தமிழ் ஆட்கள் முப்பத்திரண்டு பேர் சேர்ந்து ஒரே சமையல். என்ன வாங்குவது, என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவனும் முன்நின்று சமைப்பவனும் நான். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு பார்த்தவர் விசா முடிந்து போனபோது, “அண்ணன் பாத்துக்குவாரு” என்று யாரோ சொன்னார்கள், நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைட்டில் நான் பைப் ஃபிட்டர். ஃபோர்மேன் “யல்லா யல்லா” என்று விரட்டினால் ஓடுகிற ஆள். கேம்புக்குள் வந்தால் மட்டும் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. நான் கத்தரிக்காய் என்றால் கத்தரிக்காய்தான். அந்த மரியாதை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

அன்று காலை ஆறரைக்கெல்லாம் என் மனைவி பள்ளிக்கூட வாசல் வரிசையில் நின்றுகொண்டு படம் அனுப்பினாள். அவளுக்கு முன்னால் ஒரு ஐம்பது தலை தெரிந்தது. ரூமில் எல்லோர் போனிலும் அதே மாதிரிப் படங்கள். வெயிலில் நிற்கிறார்கள், கால் வலிக்கிறது என்கிறார்கள், எங்களுக்கோ பொறாமை. பத்தொன்பது வயதில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தவன் நான். லீவும் தேர்தலும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. நாற்பத்திரண்டு வயதாகியும் என் விரலில் மை பட்டதில்லை.

“நாமளும் ஒரு எலெக்‌ஷன் வச்சா என்ன?” என்றார் டைம்கீப்பர். திருநெல்வேலிக்காரர், கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “மெஸ் பொறுப்புக்கு வைப்போம்ல. அண்ணாச்சியை எதுத்து எவம்ல நிக்கான்?”

எவன் நிற்பான் என்று நானும் சிரித்தேன். நாகப்பட்டினத்து வெல்டர் ஒருவர் இருந்தார். அவர் பல் தேய்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தார்: “புதன்கிழமை மீன் கொழம்பு.”

அது என் அடிமடியிலேயே கை வைத்த மாதிரி. சோஹாரில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. முப்பத்திரண்டு பேருக்கு மீன் ஆய எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். வெளியே நான் சொல்லி வைத்திருந்த காரணம் வேறு: “நாத்தம் வந்தா கேம்ப் பாஸ் சத்தம் போடுவாரு.” நான்கு வருடமாக அந்தப் பொய்யிலேயே வாரத்துக்கு நான்கு நாள் கத்தரிக்காய் சாம்பார் ஓடியது.

டைம்கீப்பர் பழைய டைம்ஷீட்டுகளின் பின்பக்கத்தைக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரிக்காயும் ஒரு மீனும் வரைந்தார். கத்தரிக்காய் என் சின்னமாம். எங்கள் ரூமில் ஒரு கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டி மறைப்பு. எண்ணெய் டின்தான் பெட்டி. விரலுக்கு வைக்க, பைப்பில் வெல்டிங் நம்பர் எழுதும் மஞ்சள் பெயின்ட் மார்க்கர். அது ஒரு வாரத்துக்குப் போகாது. பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும், அதற்கப்புறம் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று பேச்சு.

முப்பத்திரண்டு பேர்தானே, அரை மணியில் முடியும் என்று நினைத்தேன். முதல் ஆளாகப் போய் நின்றால் பதவி ஆசை என்பார்களே என்று மதியத்துக்குச் சாம்பாரைக் கூட்டி வைத்துவிட்டு, ஒன்பதரைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வரிசை எங்கள் ரூம் வாசலில் ஆரம்பித்து, கேபின் சுவரின் நிழலோடு வளைந்து, பாத்ரூமைத் தாண்டி, தண்ணீர் டேங்க் வரை போயிருந்தது. நூறு பேருக்குக் குறையாது. பாதி முகம் வங்காளதேசம், மீதியில் பாகிஸ்தான், நேபாளம், கேரளம்.

கேம்பில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பாத்ரூமுக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை, பஞ்சிங்குக்கு வரிசை என்று வாழ்கிறவன் ஒரு வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிடுவான், அப்புறம்தான் எதற்கென்று கேட்பான். கேட்டுவிட்டு வந்தால் இடம் போய்விடும். போன குளிரில் யாரோ புண்ணியவான் கம்பளி கொடுத்தபோது, கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் மாஃபி, ஒன்றும் கிடையாது. அந்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது.

நேராக முன்னால் போகப் பார்த்தேன். “கேண்டிடேட்டுக்குத் தனி லைனாண்ணே?” என்றான் என் மெஸ்காரனே ஒருவன். கோபம் வந்தது. ஆனால் டேங்க் பக்கம் போய்க் கடைசியில் நின்றேன்.

உள்ளே என்ன நடந்தது என்று டைம்கீப்பர் பிறகு சொன்னார். வெளி ஆட்களில் முதலில் வந்தவர் ஒரு பாகிஸ்தான் டிரைவர். இது தமிழ் மெஸ் ஓட்டு, உனக்கு ஒன்றும் கிடையாது என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். “ஆதா கண்டா கடா ஹூன் பாய்” என்று டிரைவர் விரலை நீட்டிவிட்டாராம். அரை மணி நேரம் நின்றவனை எப்படித் திருப்பி அனுப்புவது? நின்றவனுக்கெல்லாம் ஓட்டு என்று டைம்கீப்பர் முடிவு செய்துவிட்டார். அது போதாதென்று, ஓவர்டைம் எழுதுகிற பழக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் ரூம் நம்பரோடு நோட்டில் எழுதினார். வரிசை நகர்வேனா என்றது.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு மலையாளி கேம்ப் பாஸ் ஓடி வந்தார். “எந்தா இது? ஸ்ட்ரைக்கா?” அவர் முகம் வெளுத்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்தார். உடனே நான்கு பாஷையில் ஒரே சத்தம்: “லைன்! லைன்!” அவர் திரும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார். கேம்ப் பாஸ் வரிசையில் நின்று நான் பார்த்தது அன்று மட்டும்தான். அந்த ஒரு காட்சிக்காகவே தேர்தல் வைத்தது தகும் என்று தோன்றியது.

எனக்கு முன்னால் ஒரு வங்காளதேசத்துக்காரர், பக்கத்து பிளாக்கில் க்ளீனர். அரை மணி நேரம் கழித்துத்தான், “க்யா மில் ரஹா ஹை?” என்று கேட்டார். எதுவும் கிடைக்காது, சாப்பாட்டுக்கு ஓட்டு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஒரு பக்கம் கத்தரிக்காய், ஒரு பக்கம் மீன். அவர் ரொம்பத் தீவிரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, “ஆப்கோ க்யா பசந்த் ஹை, பாய்?” என்றார்.

உனக்கு என்ன பிடிக்கும் என்கிறார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வேலைக்கு எடுத்தவர்கள் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. திடீரென்று கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

சரியாக ஒரு மணி இருபது நிமிடம் நின்ற பிறகு என் முறை வந்தது. போர்வைக்குள் போய்ச் சீட்டை மடித்துப் போட்டேன். மஞ்சள் விரலைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். “இது என்ன மஞ்சக்காமாலையா? நான் ரெண்டு மணி நேரம் நின்னேன், தெரியுமா?” என்று அவள் நீல விரலை அனுப்பினாள்.

பதினொன்றரைக்கு டின்னைக் கவிழ்த்தார்கள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு. கத்தரிக்காய்க்கு இருபத்தொன்று, மிச்சமெல்லாம் மீன். வங்காளதேசத்துக்காரர்களிடம் மீன் படத்தைக் காட்டினால் வேறென்ன நடக்கும்? “எனிக்கு மீனில்லாதெ ஊணு எறங்கில்ல” என்று கேம்ப் பாஸும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். என் நான்கு வருடப் பொய் அந்த இடத்திலேயே செத்தது.

என் ஆட்கள் விடவில்லை. “இது செல்லாது! நம்ம முப்பத்திரண்டு பேர்ல யார் ஜெயிச்சான்னு இதுல எப்படித் தெரியும்? அடுத்த வெள்ளி மறு ஓட்டு வைங்க!” வெல்டரே, “ஆமாண்ணே, வச்சிருவோம்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் பதவி தப்பியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“கலாஸ், முடிஞ்சது முடிஞ்சதுதான்,” என்றேன். “இவ்வளவு நேரம் வெயில்ல நின்னு போட்டிருக்காங்க. அந்த ஓட்ட செல்லாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கேம்பே பேசியது. நான் அந்தக் கேம்பை விட்டு வரும் வரை அந்தப் பேச்சு இருந்தது. நானும் தலையைக் குனிந்து அடக்கமாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்த புதன் வெல்டர் சூரை மீன் குழம்பு வைத்தார். நான் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டேன். மஞ்சள் மை அப்போதும் விரலில் இருந்தது. தோற்ற சோகத்தில் அண்ணன் அதிகமாகச் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவன் என் முதுகைத் தடவிக் கொடுத்தான். நான் இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். போர்வைக்குள் அன்று நானும் மீனுக்குத்தான் போட்டேன்.