பாவம், நனைந்துவிட்டாள்

மழையில் நனைந்துகொண்டு சைக்கிள் மிதித்துப் போகிற ஒருத்தியைப் பார்த்தால் நமக்கு உடனே வாயில் வருவது 'பாவம்' என்ற சொல்தான். காசா பணமா, சொல்லிவிட்டுப் போகிறோம். கழக்கூட்டம் என்ற ஊரில் கலைச்செல்வி அளவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. டீக்கடைக்காரர் சொல்வார். ஹாஸ்டல் வாசலில் குடையோடு நிற்கிற பெண்கள் சொல்வார்கள். அடுக்குமாடிக் காவல்காரர் ஷிஜு கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே சொல்வார். எல்லாரையும்விட மனமாரச் சொல்கிறவள் ஐந்தாம் மாடி ஸ்மிதா.

ஸ்மிதா கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஐடி கம்பெனியில் பெரிய வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். அந்த வீட்டு இரவுச் சமையல் கலைச்செல்வியுடையது. குளத்தூரில் உள்ள வாடகை வீட்டிலிருந்து நாலு மணிக்குச் சைக்கிளில் கிளம்பி, வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவாள். எடவப்பாதி என்று மலையாளிகள் சொல்கிற தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் வானம் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் திறந்துகொள்ளும். சொட்டச் சொட்ட வந்து நிற்பவளை ஸ்மிதா துண்டோடு எதிர்கொள்வாள்.

"அய்யோ, இப்படி நனைஞ்சுண்டா வந்தே? பாவம்" என்பாள். மாற்றிக்கொள்ளச் சுரிதார் வரும், இஞ்சி தட்டிப் போட்ட டீ வரும். கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு குடிப்பாள். களைப்பு என்று ஸ்மிதா நினைத்துக்கொள்வாள். முகத்தில் இருந்த சந்தோஷம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் குனிந்தாள்.

ஆமாம், சந்தோஷம்தான். மழையில் சைக்கிள் மிதிப்பதில் கஷ்டமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. முதலில் எரிச்சல்தான். தோள் நனையும், முதுகு நனையும், இமையைத் தாண்டித் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கும், உடம்பு தன்னால் ஒடுங்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் போனதும் நனைய இனி ஒன்றும் மிச்சமில்லை என்றாகிவிடும். கலைச்செல்வியின் நாள் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

மேம்பாலத்துத் தூண்களுக்கிடையே ஸ்கூட்டர்க்காரர்கள் கும்பலாக ஒதுங்கி, ரெயின்கோட்டின் எந்த ஓட்டைக்குள் எந்தக் கையை விடுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு முழுக்க அவளுக்குத்தான். போன் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூடைக்குள் கிடக்கும். மழை பெய்தது, எடுக்க முடியவில்லை என்றால் உலகத்தில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. வீட்டுக்கார அம்மாவோ, பிள்ளையின் டியூஷன் டீச்சரோ, ஊரிலிருக்கும் நாத்தனாரோ அவளை அங்கே வந்து பிடிக்க முடியாது.

கம்பெனிக் கட்டடங்களின் விளக்கெல்லாம் ரோட்டுத் தண்ணீரில் நீளநீளமாகக் கிடக்கும். முன்சக்கரம் அதற்குள் புகுந்ததும் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொள்ளும். லாரியின் உறுமல் எங்கோ தூரத்தில் போய்விடும். ஏதோ ஒரு மதிலுக்குள்ளிருந்து பலாப்பழ வாசனை கொஞ்ச தூரம் கூடவே வரும். தான் போகிறோமா, ரோடு தன்னை எடுத்துக்கொண்டு போகிறதா என்று அவளுக்குத் தெரியாமல் போகும். குளத்தூர் இறக்கத்தில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு பாடுவாள். சினிமாப் பாட்டுதான். பாதி வரி மறந்துபோயிருக்கும், மீதியை அவளே இட்டுக்கட்டிக்கொள்வாள். விடிந்ததிலிருந்து அடுப்பும் குழாயும் பிள்ளையும் என்று ஓடுகிற உடம்புக்கு அவளுடையது என்று இருந்தது அந்த வழி ஒன்றுதான்.

பாவம் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்களே. ஸ்மிதா ஒரு நாள் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், தூசி படிந்து கிடந்த தன் பழைய ஸ்கூட்டரைக் காட்டினாள். கார் வாங்கின பிறகு அதை யாரும் தொடவில்லை, நீ எடுத்துக்கொள், ரிப்பேர் செலவு என்னுடையது என்றாள். கலைச்செல்வியின் கவலை வேறு. ஸ்கூட்டர் வந்தால் ரெயின்கோட் வரும், ஒதுங்க வேண்டியிருக்கும், ஓரமாக நிறுத்திப் போன் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இனாமாக வருகிற ஸ்கூட்டரை மழைக்காக வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பயமாக இருக்கிறது என்றாள். கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்றாள் ஸ்மிதா. கடைசியில், முதலில் அவர் ஓட்டட்டும், பிறகு நான் அவரிடமே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தப்பித்தாள்.

அவர் என்றால் புருஷன் லிங்கம். கிழக்கேகோட்டை ஹோட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். பஸ்ஸில் தொங்கிப் போய் வருகிறவனுக்கு ஸ்கூட்டர் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. சொன்ன சொல் தவறாமல் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவும் பார்த்தான். அவள் வேண்டுமென்றே ஹேண்டிலை ஆட்டி, பக்கத்து வீட்டு வாழையில் கொண்டுபோய் மோதினாள். இவளுக்கு இது சரிப்படாது என்று அவன் விட்டுவிட்டான். ஸ்கூட்டர் அவனுக்கு, சைக்கிள் அவளுக்கு என்று ஆனது. தன் சாமர்த்தியத்தை அவள் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

சாமர்த்தியம் ஆடி மாதம் வரைக்கும்தான் தாங்கியது. ஒரு பெரிய மழையில் அவள் மறுபடி சொட்டச் சொட்ட வந்து நின்றபோது ஸ்மிதாவுக்குத் துக்கத்தோடு கோபமும் வந்தது. பொண்டாட்டிக்குக் கொடுத்த வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை மழையில் மிதிக்க விடுகிறானே, இவனும் ஒரு மனுஷனா என்று கேட்டாள். இப்போதே போன் பண்ணி இரண்டு வார்த்தை கேட்கப்போகிறேன் என்றாள்.

கலைச்செல்வி துண்டைக் கீழே வைத்தாள். லிங்கம் தங்கமான மனுஷன். அவன் தலையில் இந்தப் பழி விழுவதற்குப் பதில் வாயைத் திறந்துவிடலாம்.

"சேச்சி, அவருமேல ஒரு குத்தமும் இல்ல. மழையில சைக்கிள் சவிட்டிட்டு வாறது எனக்குப் பிடிக்கும். நல்ல ரசமா இருக்கும். அதான் ஸ்கூட்டரு வேண்டாம்னேன்."

சொல்லிவிட்டாள். ஸ்மிதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அவரை விட்டுக்குடுக்காம எப்படிப் பேசறே பாரு. பாவம், கலை."

அதற்குமேல் கலைச்செல்வியால் என்ன செய்ய முடியும்? பொய் சொன்னபோதெல்லாம் நம்பினவள் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. லிங்கத்துக்குப் போன் போய்விட்டது.

மறுநாள் காலை லிங்கம் ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து அரிசி டப்பாமேல் வைத்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இனி நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், நீ எப்படியாவது வண்டியைப் படி, ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் வாங்குகிறவனை வரச் சொல்லியிருக்கிறேன், அந்தம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றான். ஸ்மிதாவிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னாள்.

"மழையில சைக்கிளு மிதிக்கது ஆருக்குப் பிடிக்கும், ஏட்டி? எனக்கு சங்கடமா இருக்கும்னு நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றான் அவன். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

சனிக்கிழமை வந்தது. ஸ்மிதா ஆபீஸ் போயிருந்தாள். அவள் புருஷன் வெங்கிடேஷ் காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குப் போனான். கலைச்செல்வி கூட்டும் சப்பாத்தியும் செய்து வைத்துவிட்டுக் கீழே இறங்கும்போது மழை வெளுத்துக் கட்டியது. கடைசித் தடவை என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சைக்கிளில் ஏறி மிதிக்க ஆரம்பித்த பிறகு, கன்னத்தில் இறங்குவது எந்தத் தண்ணீர் என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கொஞ்ச தூரத்தில் அழுகையும் நனைந்து கரைந்துவிட்டது. ஜங்ஷனிலிருந்து கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, எல்லாவற்றிலும் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஆட்கள் அடைந்து கிடந்தார்கள். அந்த வரிசைக்கும் நடைபாதைக்கும் நடுவில் அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். தேங்கின தண்ணீரைச் சுற்றிப் போகாமல் நடுவில் விட்டாள். கணுக்கால் வரைக்கும் ஏறிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இன்றைக்குப் பாடாவிட்டால் என்றைக்குப் பாடுவது? காலிரண்டையும் எடுத்து நீட்டிக்கொண்டு, இறக்கம்கூட இல்லாத அந்த ரோட்டில், வாய்விட்டுப் பாடினாள். வரி மறந்த இடத்தில் தன் பெயரையே போட்டுக்கொண்டாள்.

வரிசையில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. இந்த மழையில் யார் கண்ணாடியை இறக்குகிறது என்று திரும்பினாள். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஸ்மிதா உட்கார்ந்திருந்தாள். மழை அவள் சட்டைக் கையை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கலைச்செல்வியின் வாய் பாட்டின் நடுவில் திறந்தபடி நின்றுவிட்டது. கால் பெடலைத் தேடிப் பிடித்தது. நிறுத்தவும் தோன்றவில்லை, கூப்பிடவும் தோன்றவில்லை, போய்விட்டாள்.

வீடு வரைக்கும் மானம் போனது போலத்தான் இருந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பாள், வேலைக்கு வேறு ஆள் பார்ப்பாள் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஞாயிறு காலையில் லிங்கம் போனும் கையுமாகத் திண்டாடிக்கொண்டு வந்தான். அந்தம்மா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள், ஸ்கூட்டர் உனக்கே இருக்கட்டும், சைக்கிளை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார்கள் என்றான். என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏட்டி, அப்பம் நீ சொன்னது நெசமா?"

"நெசம்தான்" என்றாள். வாங்க வந்தவனை அவனே வாசலோடு திருப்பி அனுப்பினான்.

திங்களும் செவ்வாயும் வெயில். ஸ்மிதா ஒன்றும் கேட்கவில்லை, கலைச்செல்வியும் கொத்தவரங்காயைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. புதன்கிழமை மேம்பாலத்தடியில் கும்பல் ஒதுங்குகிற அளவுக்கு மழை பிடித்தது. அவள் ஐந்தாம் மாடியில் போய் நின்றபோது துண்டு அவளுக்காக ஆணியில் தொங்கியது, இஞ்சி டீயும் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்மிதா இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கலைச்செல்வி அந்தச் சொல்லுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தாள். அது வரவில்லை.

"மழை எப்படி இருந்தது, கலை?" என்று கேட்டாள் ஸ்மிதா.

கலைச்செல்வி நிமிர்ந்தாள். முகத்தை மறைக்காமல், குளத்தூர் இறக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.