இரும்புச் சட்டத்தில் மாட்டிய கார்: கொள்ளேகால் முதல் மைசூர் வரை

கொள்ளேகாலில் பட்டுத்தறிக் கொட்டகை பதினேழுக்குக் கூரை இரும்பு போட்டவன் நான். டிராக்டர் டிரெய்லர் நாற்பதுக்கு மேல் செய்திருக்கிறேன், ஒன்றின் கொக்கிகூட வழியில் கழன்றதில்லை. நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வாடகைக்கு எடுத்த ஒற்றை வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று தொழில் தொடங்கினேன். நீ தேறமாட்டாய் என்று சொன்னவர்கள் வீட்டுக்கெல்லாம் இன்று இரும்பு கேட் நான் செய்ததுதான். சொந்தப் பட்டறை, மாடி வீடு, ஒரு டீசல் ஜீப், எல்லாம் இந்த இரண்டு கை சம்பாதித்தது. இப்போது வயது எழுபத்தொன்று. இத்தனை செய்தவன் புதிதாக ஒன்றைக் கற்றது அறுபது கிலோமீட்டர் பயணம் ஒன்றில். அதைத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் தனலட்சுமிக்குச் சிறுவயதில் போலியோ வந்து இரண்டு காலிலும் பலம் போய்விட்டது. மைசூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் கையால் இயக்கும்படி லிவர் வைத்த சின்ன காரைப் பதினோரு வருடமாகத் தானே ஓட்டுகிறாள். வியாழக்கிழமை எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தாள். வாசலிலேயே கார் நின்றுவிட்டது. என்ஜினை ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தது.

திங்கட்கிழமை அவள் பதவி உயர்வில் புதிய அலுவலகத்தில் சேர வேண்டும். அது மைசூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் படி அவளால் ஏற முடியாது. “நானே கார்ல வந்துருவேன்” என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்தப் பதவியை வாங்கியிருந்தாள். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கொள்ளேகால் மெக்கானிக்குகளோ லிவர்களைப் பார்த்துவிட்டுக் கை வைக்க மறுத்தார்கள். லிவர் பொருத்திய பட்டறை மைசூர் பன்னிமண்டபத்தில் இருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் கார் வந்தால் ஞாயிறும் உட்கார்ந்து முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். காரை ஏற்றிப்போகும் லாரிக்காரர் எட்டாயிரம் கேட்டார், அதுவும் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார்.

“கயிறு கட்டி இழுத்தா ஆகாதுங்களா மாமா?” என்றாள்.

“கயிறு இழுக்கும் அம்மிணி, நிறுத்தாது. நான் பிரேக் புடிச்சா உன்ற வண்டி வந்து என்ற முதுகுல ஏறும்.”

வெள்ளிக்கிழமை முழுக்க நின்று ஓர் இழுவைச் சட்டம் செய்தேன். இரண்டு தடித்த இரும்புக் குழாய்கள். ஒரு முனையில் இரண்டும் சேர்ந்து ஜீப்பின் கொக்கியில் மாட்டும். மறுமுனைகள் விரிந்து காரின் அடிச்சட்டத்தில் போல்ட்டால் இறுகும். பம்பரில் கட்டக் கூடாது, பிய்ந்து வந்துவிடும். கொக்கி கழன்றால் தாங்குவதற்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டேன். கார் கியர் வண்டியாக இருந்தது நல்லதாயிற்று. ஆட்டோமேட்டிக்காக இருந்தால் முன்சக்கரத்தை உருளவிட்டு இழுக்கக் கூடாது, கியர்பெட்டி போய்விடும்.

சனிக்கிழமை காலை 6.10. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, சாவியைத் திருகி ஸ்டியரிங் பூட்டை விடுவித்தேன். கார் முதுகில் சிவப்புத் துணியும் ‘இழுத்துச் செல்லப்படுகிறது’ என்று கன்னடத்தில் எழுதிய பலகையும் கட்டினேன். தனலட்சுமி ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், சக்கர நாற்காலி பின்னால் கிடந்தது. வேகம் மணிக்கு இருபத்தைந்து, அதற்கு மேல் முள் ஏறவில்லை.

ஊர் எல்லை வளைவில்தான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். ஜீப்பை இடப்பக்கம் ஒடித்தேன். கண்ணாடியில் பார்த்தால், ஆளே இல்லாத காரில் ஸ்டியரிங் தானாகச் சுற்றுகிறது! சட்டம் காரின் மூக்கைத் திருப்ப, மூக்கு சக்கரத்தைத் திருப்ப, சக்கரம் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. கணக்காக அது எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

“மாமா, பேய் ஓட்டுற மாதிரியே இருக்குதுங்க.”

“பேய் இல்ல அம்மிணி, வெல்டிங்கு.”

7.15, மூகூர். டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டுக் கிளம்ப ஜீப் சாவியில் கை வைத்தேன்.

“காரு சாவி எங்கீங்க மாமா?” என்றாள்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கடைவீதியில் வண்டியை விட்டால் சாவியை எடுத்துப் பூட்டுவது ஐம்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. அப்படியே இழுத்திருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு, வளைவில் முன்டயர் இரண்டும் தேய்ந்து கிழிந்திருக்கும். மறுபடி சாவியை மாட்டித் திருகினேன்.

“நாலு பேருக்கு இந்த வெசயஞ் சொல்லோணும்” என்று சிரித்தாள்.

8.05. டி.நரசிபுரத்தில் கபினி பாலம் தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டினார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“யஜமான்ரே, டிரைவர் எல்லி?” டிரைவர் எங்கே என்று கேட்கிறார்.

“டிரைவர் தேவையில்லீங்க, சட்டமே திருப்பும்” என்று நான் செய்த வேலையை விளக்கினேன்.

அவர் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: “சக்கர நெலத்துலதானே ஓடுது? அப்ப லைசென்ஸ் இருக்கறவங்க உள்ள உக்காரணும். ரூல்ஸு.” பிறகு லிவர்களைக் கவனித்தார். “இந்த காடி ஓட்ட யாருக்கு லைசென்ஸ் இருக்கு?”

“எனக்குத்தான் சார்.” ஜீப் ஜன்னல் வழியாகத் தனலட்சுமி லைசென்ஸை நீட்டினாள்.

அவர் அட்டையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவரே நாற்காலியை இறக்கிவைத்துக் கார்க் கதவைத் திறந்தார். முன்னால் இறக்கம் இருப்பது தெரிந்தும் அவளைத் தூக்கிக் காரின் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வேறு வழியில்லை.

“ஸ்டியரிங்கத் தொடாதே அம்மிணி, தொட்டா சட்டம் முறுக்கிக்கும். நான் பிரேக் போடறது தெரிஞ்சா நீயும் போடு. ஆபத்துன்னா ரெண்டு ஹாரன்.”

“பதினோரு வருசம் ஓட்டுனவகிட்ட ஸ்டியரிங்கத் தொடாதேங்கறீங்க. நல்லா இருக்குதுங்க.” சீட் பெல்ட் போட்டுக்கொண்டு கையை மடியில் வைத்தாள்.

9.20. வருணாவுக்கு முன்னால் ஓர் இறக்கம். இடப்பக்க மண்பாதையிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். ஜீப் மட்டும் என்றால் நின்றிருக்கும். பின்னால் எண்ணூறு கிலோ இரும்பு முட்டித் தள்ளியது, டயர் சறுக்கியது. கரும்புத் தோகை முன்கண்ணாடிக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அப்போது ஜீப்பைப் பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தியது போல் ஒரு இழுப்பு. வண்டி நின்றது. கரும்புக்கும் எனக்கும் ஒரு முழம்.

இறங்கிக் காரிடம் ஓடினேன். அவள் இரண்டு கையும் பிரேக் லிவரில், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

“நின்னுருச்சுங்களா மாமா?”

“நின்னுருச்சு அம்மிணி” என்றேன். என்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இறுகியிருக்கும். முந்தின நாள் நான் அந்த லிவரைத் தள்ளிப் பார்த்திருந்தேன், சுத்தியல் பிடித்த என் கைக்கே அசைந்து கொடுக்கவில்லை. நாற்காலியை உருட்டி உருட்டி ஏறிய பலம் அவள் கையில் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அவளைத் தூக்கி உட்காரவைப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இறக்கத்தில் அவள்தான் என்னைப் பிடித்தாள். கீழே குனிந்து சட்டத்தைப் பார்த்தேன். ஒரு போல்ட் நகரவில்லை, ஒரு வெல்டிங் விரியவில்லை.

அதன்பிறகு சாமுண்டி மலை இடப்பக்கம் எழும்பி வந்தது. ரிங் ரோட்டின் அகலத்தில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. என் கண் மட்டும் கண்ணாடியில் அவள் முகத்திலேயே இருந்தது.

10.25, பன்னிமண்டபம். பட்டறை மெக்கானிக் ஓடி வந்தார். “அரே, மேடம்! நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா?”

“ஆமாங்க பாய்” என்றாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஞாயிறு மாலை என்ஜின் உறுமியது. திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. “சேந்துட்டேங்க மாமா. கையெழுத்துப் போட்டாச்சு.” பட்டறையில் வேலையை நிறுத்தி எல்லோருக்கும் சொன்னேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

இப்போது அவள் அலுவலகம் முழுக்க ஒரே பேச்சாம். கெட்டுப்போன காரைக் கொள்ளேகாலிலிருந்து தானே கொண்டுவந்தவள், கரும்பு டிராக்டர் முன்னால் நிறுத்தியவள் என்று. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, நானே சாட்சி. ஆனால் அம்மிணி, நீ புடிச்ச புடி ஜீப் வரைக்கும் வந்து சேர்ந்தது எதன் வழியாக? கயிறாக இருந்தால் வந்திருக்குமா? அந்த இரும்பு என்னுடையது. இனி யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் உன் பெயரை முதலில் சொல். அடுத்த வரியில், சட்டம் செய்தவன் கொள்ளேகால் வெல்டிங் சென்னியப்பன் என்று சொல்லியே ஆக வேண்டும்.