வெள்ளைச் சர்க்கரை ஜெயித்த நாள்

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. இந்த வயதிலும் செங்கத்தில் இருக்கும் என் புளி மண்டிக்கு நடந்துதான் போகிறேன். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன். தராசு எனக்குப் பின்னால்தான். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை என்று ரத்தம் கொடுக்கிறேன். மூன்று மாதச் சராசரி என்று வேறு ஒன்று எடுக்கிறார்கள். பட்டம் வாங்கியவர்கள் அந்தத் தாளை நீட்டிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்து நடுங்குகிறார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், தாளை நானே படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அந்தப் படிப்புக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை அப்படி.

ஜவ்வாது மலையில் போளூர்ப் பக்கத்துச் சரிவில் எங்கள் ஊர். அப்பா சாமை விதைப்பார், பாறைத்தேன் எடுப்பார். கயிற்றைப் பிடித்து அவரைப்போலப் பாறையில் இறங்குகிற ஆள் அந்தச் சுற்றிலேயே கிடையாது. அப்படிப்பட்டவரின் கால் பெருவிரலில் குத்திய ஒரு முள்ளின் புண் ஆறவே இல்லை. விரல் கறுத்துக்கொண்டு வந்தது. போளூர் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் சர்க்கரை ஏறியிருக்கிறது, அதைக் குறைத்தால் கால் பிழைக்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். தினமும் ஊசி போட வேண்டுமாம். மலையிலிருந்து தினமும் யார் இறங்குவது? வாயைக் கட்டுவது ஒன்றுதான் எங்களால் முடிந்த வைத்தியம்.

அப்பா சர்க்கரையை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை வந்ததே இல்லை என்பதால் விடுவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு சோதனையிலும் அப்பா தோற்றுக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்துச் சோதனை எளிமையானது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம், அதில் மூத்திரம் சில சொட்டு, பிறகு சாராய விளக்கில் காய்ச்சுவது. நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை வந்தால் கொஞ்சம், மஞ்சள் வந்தால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். அப்பாவுக்கு எப்போதும் செங்கல்தான்.

கடைசியாகப் போனபோது நானும் கூடப் போனேன். அம்மாவின் அண்ணன், என் மாமா, அடிவாரம்வரை அப்பாவை முதுகில் சுமந்து வந்தார். அங்கிருந்து புளி லாரி. டாக்டருக்குக் கொடுக்கத் தேன் நிறைத்த சுரைக்குடுக்கை என் கையில். மலைக்காரன் வெறுங்கையோடு யார் வாசலிலும் நிற்கமாட்டான். போனால் டாக்டர் இல்லை, வேலூர் போயிருந்தார். கம்பவுண்டர் பாய்தான் இருந்தார். குழாயைக் காய்ச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கவுண்டரே, மறுபடியும் செங்கல்லு!”

“சக்கரையக் கண்ணால பாத்தே வருசமாவுது பாய்,” என்றார் அப்பா.

பாயின் கண் என் குடுக்கைமேல் விழுந்தது. “அதுல இன்னா?”

“டாக்டரய்யாவுக்குத் தேனு.”

“நீங்களும் சாப்புடறீங்களா?”

“தெனமும் காலைல தெனை மாவுல கலந்து. அது மருந்தாச்சே.”

“யா அல்லா! அதாங்க சக்கரை!”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தேனு எப்பிடி பாய் சக்கரையாவும்? இது காட்டுல கெடைக்கறது, அது கடையில விக்கறது. எங்க மச்சான் மூத்திரத்தையே எத்தினி நாளு வேவ வெப்பீங்க? இந்தத் தேனக் கொஞ்சம் வெச்சிக் காட்டுங்க, பாக்கலாம்.”

பாய் சந்தோஷமாகச் சம்மதித்தார். நீல மருந்தில் ஒரு துளி தேன் விட்டுக் காய்ச்சினார். விளக்கில் காட்டிய சற்று நேரத்தில் குழாய் முழுக்கச் செங்கல். காத்திருந்த நோயாளிகள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அப்பா, தான் பெற்ற பிள்ளை களவு செய்து பிடிபட்டதைப் பார்ப்பவர்போலக் குழாயைப் பார்த்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாமா விடவில்லை. “இப்ப உங்க அஸ்காவப் போடுங்க.” அஸ்கா என்று எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரையைச் சொல்வோம். பாய் தன் டீக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். காய்ச்சினார். நீலம். இன்னும் காய்ச்சினார். நீலமேதான். வேறு குழாயில் புதிதாக ஆரம்பித்தார். அதுவும் நீலம்.

“மருந்து தோத்துச்சா, பாய் தோத்துட்டாரா?” என்று மாமா கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவும் சிரித்தார்.

“ஏன்னு எனக்குத் தெரியல கவுண்டரே,” என்றார் பாய். “டாக்டர் வந்தா கேட்டுச் சொல்றேன். அதுவரிக்கும் ரெண்டயும் தொடாதீங்க.”

தெரியவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் அல்லவா, மாமாவுக்கு அது போதும். டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை, லாரி கிளம்பிவிடுமே. வழியில் அப்பாவுக்கும் எனக்கும் அஸ்கா தூக்கலாகப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்பா தேனைத் தொடவில்லை. அடை அடையாக வீட்டுக்கு வந்தபோதும் விரல் வைத்து நக்கவில்லை, அவ்வளவு உறுதி. பதிலுக்கு மாமா சந்தைக்குச் சந்தை அஸ்கா வாங்கி வந்தார். கூழில் அஸ்கா, டீயில் அஸ்கா. எங்கள் மலையில் வெள்ளைச் சர்க்கரை புழங்கிய முதல் வீடு எங்களுடையதுதான். விரலின் கறுப்பு பாதத்துக்கு ஏறியபோது, “பழைய தேனு இன்னும் வடியல மச்சான்,” என்று மாமா தைரியம் சொன்னார். சாமை அறுப்பு முடிவதற்குள் வேலூரில் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுப் புளி மூட்டை தூக்கப் போனேன். மற்றதை மண்டிக்கு வந்தால் பார்க்கலாம்.

அந்த நீல மருந்து வெள்ளைச் சர்க்கரையைக் கண்டுபிடிக்காதாம். வயிற்றுக்குள் போய் உடைந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் அஸ்காவும் தேனும் ஒன்றாகுமாம். உடம்பால் செலவழிக்க முடியாமல் ரத்தத்தில் நிறைந்து வழிந்ததைத்தான் அந்தக் குழாய் காட்டியதாம். டப்பாவில் இருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்ல வந்த சோதனை இல்லை அது. என் டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

அன்று சிறுவனாக நின்ற எனக்குப் புரியாதது வேறொன்று. எல்லோரும் நீலக் குழாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பாய் மட்டும் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்ற வெட்கத்தில் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறார் என்று நினைத்து நான் கைதட்டினேன்.