கடற்கொள்ளைக்காரன் வாய் மூடிய காலை

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: இன்று ஜேர்மனியின் கொலோன் நகர ட்ராமில் நான் முழுதாக இரண்டு நிமிடம் பேசாமல் நின்றேன்.

சிரிக்க வேண்டாம். நவம்பர் பதினொன்று இங்கே வேடம் போட்டு ஆடிப்பாடும் கார்னிவல் தொடங்கும் நாள். கனடாவில் போரில் இறந்தவர்களை நினைத்து, காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும் நாள்.

ரொறன்ரோவில் இருக்கும் சுதா அக்கா நேற்றுப் போனில் பிடித்துக்கொண்டார். "ரெண்டாம் உலகப் போரில கனடாக் கப்பல்களைத் தாட்ட நீர்மூழ்கியள் உங்கட பக்கத்தில இருந்துதான் வந்தது. கடலோட போன அந்தப் பெடியளுக்காக, பதினொரு மணிக்கு அங்க ஒருத்தனாவது நிக்கவேணும். உன்னால ஏலுமோ?"

"ஓம் அக்கா. சத்தியமா."

அதனால் பாடிக் குதிக்கும் கூட்டத்தின் நடுவே, கடற்கொள்ளைக்காரன் வேடத்தில், வாய்க்கு நங்கூரம் போட்டு நின்றேன்.

கோமாளி வேடத்தில் வந்த நண்பன் ரமணன் கிச்சுக்கிச்சு மூட்டினான். "டேய், உன்ர கப்பலும் தாண்டு போச்சோ?"

நான் அசையவில்லை.

தேனீ வேடம் போட்ட ஒரு பெண், எனக்கு என்ன ஆனது என்று அவனிடம் கேட்டார். அவன் விஷயத்தைச் சொன்னான். அவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.

என் போனில் மணி பதினொன்று இரண்டு ஆனதும், "வெண்டிட்டன்!" என்று வெற்றிக் கூச்சல் போட்டேன்.

அப்போதுதான் வெளியே தேவாலய மணி பதினொன்று அடிக்கத் தொடங்கியது. கோமாளியும் தேனீயும் தலை குனிந்து நின்றார்கள்.

தொப்பியைக் கழற்றிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் மறுபடி நின்றேன். இந்த முறை போனைப் பார்க்கவில்லை.

எப்போதும் பிந்தி வரும் ரமணனை ஏமாற்றி, ட்ராமைத் தவறவிடாமல் கூட்டிவர, காலையில் அந்தப் போனின் நேரத்தை இரண்டு நிமிடம் முன்னே தள்ளி வைத்தவன் நானேதான்.

சுதா அக்காவும் இதை வாசிப்பார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. யாராவது எனக்காகப் பேசுங்கள்.